நடுவீட்டு நாய்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எதையோ தின்னப் போகும் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பழமொழி. 'எதையோ' என்று நான் மழுப்பியிருக்கும் இடத்தில் ஊரில் வழங்குவது ஓர் ஓரெழுத்தொருமொழி. நன்னூலார் தம்முடைய நாற்பத்திரண்டு சொற்களின் பட்டியலில் சேர்க்காமல் விட்ட சொல் அது. பழமொழியைச் சொல்கிறவர்கள் அதை அழுத்தித்தான் சொல்வார்கள். அழுத்தாவிட்டால் பழமொழிக்கு வேலை இல்லை.

இப்பழமொழியை நாயைப் பார்த்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மனிதரைப் பார்த்தே சொல்வார்கள். படித்து வேலைக்குப் போனவனை, கலப்புமணம் செய்துகொண்டு வந்த மருமகளை, ஊராட்சியில் முதன்முறையாக நாற்காலியில் அமர்ந்தவரை நோக்கிச் சொல்லப்படும். பிறவிக் குணம் மாறாது என்பது அதன் பொருள். அதற்குச் சான்றாக நாய் நிறுத்தப்படுகிறது. ஆகவே இக்கட்டுரையில் அந்தச் சான்றை மட்டும் விசாரிக்கலாம் என்று எண்ணுகிறேன். நாயை நடுவீட்டில் வைத்தால் உண்மையில் என்ன நடக்கும்? தமிழர் எப்போதாவது வைத்துப் பார்த்தார்களா?

முதல் கேள்விக்கு விடை எளிது. அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே அது கிடைக்கும். வயல்கள் மனைகளாகி, மனைகள் மாடிவீடுகளாகிவிட்ட பகுதி இது. வீராம்பட்டினம் கடற்கரைப் பக்கமிருந்து எடுத்துவந்த நாட்டுநாய்க் குட்டி ஒன்றை ஒரு குடும்பம் வீட்டுக்குள்ளேயே வளர்த்தது. வாங்கிய குட்டியன்று, வம்சாவளிச் சான்றிதழும் கிடையாது. நாலைந்து வாரங்களில் அது கதவருகே போய் நின்று முனகிக் காட்டக் கற்றுக்கொண்டது. யாரும் அதை அடிக்கவில்லை. அந்த வீட்டு மூதாட்டி செய்தது இவ்வளவுதான்: குட்டி தூங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி ஓய்ந்தவுடன் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கவாட்டு மண்தரையில் ஒரே இடத்தில் விட்டார். அது காரியத்தை முடித்த கணமே ஒரு துண்டு கருவாட்டை வாயில் வைத்தார். இதைத்தான் இன்றைய நாய்ப் பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் சொல்கின்றன.

அந்நூல்கள் கூடுதலாகச் சொல்வதில் சில செய்திகள் பயனுள்ளவை. குட்டியின் வயது எத்தனை மாதமோ ஏறத்தாழ அத்தனை மணிநேரமே பகலில் அதனால் அடக்கிக்கொண்டிருக்க முடியும். அதற்குமேல் எதிர்பார்த்துத் திட்டுவது நம் பிழை. பரிசு உடனடியாகத் தரப்பட வேண்டும். கால்மணி கழித்துத் தந்தால் எதற்காகத் தந்தோம் என்பது நாய்க்குத் தெரியாது. வீட்டுக்குள் தவறு நேர்ந்து, நாம் பின்னர் வந்து பார்த்துத் தண்டித்தால், நம் வருகைக்கு அஞ்ச மட்டுமே அது கற்றுக்கொள்ளும். தரையை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. சிறுநீரின் வாடை அதிலும் இருப்பதால், 'இதுதான் இடம்' என்று நாமே குறித்துக் கொடுத்ததாகிவிடும். வெறும் பினாயில் நம் மூக்கை ஏமாற்றுமே தவிர நாயின் மூக்கை ஏமாற்றாது.

இவையெல்லாம் எளிதாகக் கைகூடுவதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் அன்று. நாய் தன் படுக்கையைத் தானே அசுத்தம் செய்ய விரும்பாத விலங்கு. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து, உற்றுநோக்கி, 1965இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். பிறந்து மூன்று வாரமளவில் குட்டி படுக்கையைவிட்டு விலகிக் கழிக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்துகொள்கிறது. அந்தப் பருவத்தில் எந்த இடம் என்பதை மட்டும் நாம் சொல்லிக் கொடுக்கிறோம்.

முதல் மூன்று வாரம் என்ன நடக்கிறது? குட்டியால் தானாகக் கழிக்கவே இயலாது. தாய் வயிற்றை நக்கித் தூண்டும்போதுதான் அது கழிக்கும். கழிப்பதைத் தாயே உண்டு அகற்றிவிடும். ஐந்தாறு குட்டிகள் கிடக்கும் படுக்கை உலர்ந்து தூய்மையாக இருப்பது இதனால்தான். பழமொழி எதைச் சொல்லி நாயை நடுவீட்டுக்குத் தகாதது என்று தள்ளுகிறதோ, அந்தச் செயலால்தான் தாய்நாய் தன் வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. ஆங்கிலத்தில் நாயை வீட்டுக்குப் பழக்குதலுக்கென்று தனிச்சொற்கள் உண்டு. தமிழில் இல்லை. இது மொழியின் வறுமை என்று நான் கருதவில்லை. அப்படியொரு வேலை நமக்கு இல்லாமலிருந்தது. ஆனால் மனிதர் செயலைக் குறிக்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். வெளிக்குப் போதல். கொல்லைக்குப் போதல். நாயை இன்று எதற்குப் பழக்குகிறோமோ அதுவே அந்நாளில் வீட்டார் அனைவரின் வழக்கமாகவும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய வீட்டைத் தெருவிலிருந்து உள்ளே நடந்தால் திண்ணை, நடை, தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று போகும். கழிப்பு எதுவும் கூரைக்கடியில் நடப்பதில்லை. நாயின் இடம் ஒருமுனையில் திண்ணைக்குக் கீழே, மறுமுனையில் கொல்லை வேலியோரம். இடைப்பட்ட பகுதிக்கு அது அழைக்கப்படவில்லை. ஆகவே பழக்கவும் தேவையிருக்கவில்லை.

எக்காலத்திலும் எல்லா வீடுகளிலும் இப்படித்தானா என்றால், இல்லை. பத்துப்பாட்டு இதற்கு மிக நுட்பமான சான்று தருகிறது. 1889இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு அதைப் பதிப்பித்ததிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ கோணங்களில் படித்திருக்கிறார்கள். நாயின் கோணத்திலும் ஒருமுறை படிக்கலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு வீடுகள் வருகின்றன. ஒன்று எயினரின் அரண். அங்கே சங்கிலியில் பிணித்த நாய்கள் காவல் இருப்பதால் அயலார் நெருங்க முடியாது. மற்றொன்று மறையோர் உறைவிடம். சாணத்தால் மெழுகிய அந்தத் தூய வீட்டை மனைக்கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்கிறார் புலவர். கிளிக்கு மட்டும் அங்கே இடமுண்டு, அது வேதவொலியைக் கற்றுச் சொல்வதால். முதல் வீட்டில் நாயினால் மனிதர் நெருங்க இயலாது. இரண்டாம் வீட்டை நாய் நெருங்கலாகாது. இரண்டிடத்தும் புலவர் நெருங்குதலைக் குறிக்க ஒரே வினையடியைக் கையாள்கிறார் என்பதைப் படித்தவர்கள் நினைவுகூரலாம். பசுவின் சாணம் தூய்மை செய்கிறது, நாயின் நிழல் தீட்டாகிறது என்ற பாகுபாடு அக்காலத்திலேயே ஒருவகை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒருவகை வீட்டுக்குள் மட்டும்.

மூன்றாவது வீடு சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. அது எங்களுக்கு அண்டை நிலத்துப் பாட்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினத்தை அறிஞர் பலர் மரக்காணம் என்பர். புதுச்சேரியிலிருந்து வடக்கே கடற்கரையோடு போனால் வந்துவிடும் ஊர். பாணன் தன் வறுமையைக் காட்டும் இடத்தில் அடுக்களையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை, காதுகள் சாய்ந்து கிடக்கின்றன. பாலற்ற மடியைக் குட்டிகள் பற்றியிழுக்க, பொறுக்க மாட்டாமல் தாய் குரைக்கிறது. கூரை இற்று விழுகிறது, சுவரில் கறையான், தரையில் காளான். வீட்டுப்பெண் உப்பில்லாமல் வேகவைத்த குப்பைக்கீரையை, பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற நாணத்தால் வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

இந்தக் காட்சியை வறுமைக்கு மேற்கோளாகவே வகுப்புகளில் நடத்துகிறோம். நானும் அப்படித்தான் நடத்திவந்தேன். ஆனால் கதவு அடைக்கப்படும்போது நாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பாட்டு வேறு வெளிச்சம் பெறுகிறது. அயலார் பார்வைக்கு மறைக்கப்படும் அடுக்களையில், வீட்டின் மிக அந்தரங்கமான இடத்தில், ஈன்றணிய நாய் கிடக்கிறது. அது வெளியே துரத்தப்படவில்லை. கண் திறவாக் குட்டிகள் என்றால் பிறந்து இரண்டு வாரத்துக்குள் என்று பொருள். தாயே நக்கித் துப்புரவு செய்யும் பருவம். புலவர் கறையானைச் சொல்கிறார், காளானைச் சொல்கிறார்; நாயால் அசுத்தம் என்று சொல்லவில்லை. வறுமையின் பட்டியலில்கூட அது இடம்பெறாமல் போனது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

ஆக நாய் நடுவீட்டில் இருந்திருக்கிறது. எளியவர் வீட்டில் இருந்திருக்கிறது. பிற்பாடு பழமொழிகளை வழங்கிய வாய்கள் அந்த வீட்டைச் சேர்ந்தவை அல்ல.

நாயை வெளியே நிறுத்திய அதே கைதான் மனிதரையும் வெளியே நிறுத்தியது. மனு தரும சாத்திரத்தின் பத்தாம் இயல், ஊருக்குப் புறத்தே வாழ வேண்டும் என்று விதிக்கப்பட்ட மக்களுக்கு நாயும் கழுதையுமே செல்வம் என்று சொல்கிறது. அங்கே 'வெளியே' என்பது நாய்க்கும் மனிதருக்கும் சேர்த்து வகுக்கப்பட்ட ஓர் இடம். நெடுங்காலம் கழித்து, 1792இல் பிரான்சிலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரி மிஷனுக்கு வந்து சேர்ந்த துபுவா பாதிரியார், பிராமணரின் தீட்டு வழக்கங்களை விவரிக்கையில் நாயைத் தனியே குறிப்பிடுகிறார். நாயின் தீண்டலைத் தவிர்க்க அவர்கள் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதையும், எப்படியோ பட்டுவிட்டால் உடுத்திய துணியோடு நீரில் முழுகுவதையும் சற்று வேடிக்கையோடு எழுதியிருக்கிறார். (அவருடைய நூல் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதன் பெரும்பகுதி, புதுச்சேரியில் 1779இல் மறைந்த கெர்து என்ற சேசுசபைப் பாதிரியாரின் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று 1987இல் சில்வியா மூர் நிறுவினார். பாதிரியார்களிலும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு.)

ஐரோப்பியர் வந்ததும் நாயின் நிலை உயர்ந்துவிட்டதா? அவர்கள் நாய் உள்ளே போயிற்று. நம் நாய்க்கு அவர்கள் ஒரு சாதிப்பெயர் சூட்டினார்கள். இந்நாட்டுத் தெருநாயைக் குறிக்க ஆங்கிலம் வழங்கிய பெயர் தமிழ்நாட்டு ஒரு சாதியின் பெயரிலிருந்து செய்யப்பட்டது. அது அகராதிகளிலும் உயிரியல் நூல்களிலும் ஏறிவிட்டது. நாயை இழிவுபடுத்த மனிதர் பெயர், மனிதரை இழிவுபடுத்த நாயின் பெயர். 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்ற வேட்டைநாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கொல்லப்படும் காட்சி தமிழ்ப் பார்வையாளரை அந்த அளவுக்கு உலுக்கியதற்கு, இந்த நீண்ட கணக்கு நமக்குள் எங்கோ பதிந்திருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

நாய்க்கு நம் மரபில் பெருமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தது. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்றும் அக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். கருநாடகத்து ஆதகூரில், தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததையொட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, பன்றியோடு பொருது இறந்த காளி என்ற வேட்டைநாய்க்குக் கல் நட்டு நிலமும் விட்ட செய்தியைச் சொல்கிறது, காலம் 949-950. நாலடியார் யானையைப் போன்றவரின் நட்பைவிட நாயைப் போன்றவரின் நட்பே மேல் என்று வைக்கிறது. மாணிக்கவாசகர் தன்னை நாயென்றே சொல்லிக்கொள்கிறார். ஆனால் இவற்றில் பெரும்பாலும் நாய்க்குக் கிடைக்கும் மதிப்பு, வெளியே நின்று செத்ததற்கான மதிப்பு. காவலுக்கும் வேட்டைக்கும் கல் உண்டு. உள்ளே வந்து படுத்துக்கொள் என்ற சொல் இல்லை.

ஊரும் நாய்க்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. அதைப் பேசுவது அத்தனை இனிமையானதன்று. கழிப்பறை இல்லாத ஊர்களில் குழந்தைகள் வாசலோரம் கழித்ததை அகற்றியது பெரும்பாலும் நாய்தான். எலும்பும் எச்சில் இலையும் அதன் பங்கு. துப்புரவை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தத் துப்புரவையே காட்டி அது இழிந்தது என்று பழமொழி கட்டினோம். மனிதரிடமும் இதைச் செய்தோம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் மற்றொன்றும் தேவைப்பட்டன.

மேற்கில் மட்டும் நாயைப் பழக்குவது தொடக்கத்திலிருந்தே அன்பினால் நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்பவர் 1910இல் எழுதிய பயிற்சி நூல் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. போலீஸ், இராணுவ நாய்களைப் பழக்கியவர் அவர். கழுத்துப்பட்டையும் பிரம்பும் அதில் தாராளம். வீட்டில் நாய் தவறு செய்தால் அதன் மூக்கை அந்த இடத்திலேயே தேய்ப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகளாக நடந்த வழக்கம். 1951இல் உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு கட்டுரையில், உணவையும் ஓர் ஒலியையும் கொண்டு எந்த விலங்குக்கும் எப்படிக் கற்பிக்கலாம் என்று பொதுவாசகர்களுக்கு விளக்கினார். கேரன் பிரையரின் புகழ்பெற்ற நூல் 1984இல் வந்தது. அதன்பின்னரே பிரம்பு மெல்ல மெல்லக் கீழே போடப்பட்டது. பள்ளிக்கூடங்களிலும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான் பிரம்பு கேள்விக்குள்ளாயிற்று. அடியாத மாடு படியாது என்பதும் நம்முடைய பழமொழியே. கல்லூரியில் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த இரண்டு பழமொழிகளையும் நான் சேர்த்தே வாசிக்கிறேன். ஒன்று கற்பிக்க முடியாது என்கிறது, மற்றொன்று அடித்தால்தான் கற்பிக்க முடியும் என்கிறது. கருவாட்டுத் துண்டோடு நின்ற மூதாட்டி இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

இப்போது அரியாங்குப்பத்தில் நடப்பது வரலாற்றில் சற்று விந்தையான ஒன்று. புதிய வீடுகளில் திண்ணை இல்லை. முற்றம் இல்லை. கொல்லை என்பது மதிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழ அகலச் சந்து. 1999இல் முழுச் சுகாதார இயக்கம், 2014இல் தூய்மை இந்தியா இயக்கம் என்று அரசு ஊக்கியதும், மக்கள் கையில் பணம் புழங்கியதும் சேர்ந்து, கொல்லைக்கப்பால் இருந்த கழிப்பறையைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்துவிட்டன. வெளிக்குப் போதல் என்ற சொல் மட்டும் எஞ்சியிருக்க, மனிதர் உள்ளே வந்துவிட்டார். திண்ணையை இழந்த நாயும் உள்ளே வந்துவிட்டது. வெளிக்குப் போக வேண்டியது இன்று அது ஒன்றுதான்.

அந்த 'வெளி' எது என்பதில்தான் இப்போது தெருவில் சண்டை. காலையில் சங்கிலியோடு நாயை அழைத்துப்போகிறவர் தம் வீட்டு வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, நான்காவது வீட்டுக் கோலத்தருகே நிறுத்துகிறார். நாயின் கழிவில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். ஈரமணலில் அவை பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். கடற்கரையில் காலணியின்றி ஓடும் பிள்ளைகளுக்கு அது நேரடியான தீங்கு. கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு குனிந்து அள்ளிவிட்டால் தீர்ந்துபோகிற காரியம். நாயை உள்ளே படுக்கவைத்துக் கொஞ்சுகிற கை அங்கே குனிய மறுக்கிறது. அள்ளுவது யாருடைய வேலை என்ற பழைய தீர்ப்பு இன்னும் அந்த முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலை அதைக் கூட்டி அள்ளுபவர், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளர்.

வீட்டில் இடம் கிடைக்காத நாய்களின் வழக்கு தனி. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களுக்கு அகற்ற உத்தரவிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் கடிக்கும் இயல்புள்ளவையும் நீங்கலாக, என்றது. உணவிடுவதற்கென்று தனி இடங்களைக் குறிக்கவும் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அவற்றை அகற்றுமாறு மற்றோர் உத்தரவு வந்தது. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வெறிநோய் கண்டபின் மருந்தில்லை என்பதும் தெரியும். ஆயினும் அந்த உத்தரவுகளை வரிசையாகப் படித்தபோது, எந்த வாசல்வரை வரலாம், எந்த வாசலில் உண்ணலாம், எந்த வாசலை நெருங்கலாகாது என்ற அவற்றின் சொற்களெல்லாம் பெரும்பாணாற்றுப்படையில் ஏற்கெனவே கேட்டவையாக இருந்தன.

எங்கள் தெருக் குட்டிக்கு இப்போது இரண்டு வயது. வீட்டுக்குள் வளர்ந்த அந்தப் பெட்டை சென்ற ஐப்பசி மழையில் அடுக்களை அலமாரிக்கடியில் நான்கு குட்டிகள் ஈன்றது. மூன்று வாரம் அந்தச் சாக்குப்படுக்கையை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்று மூதாட்டி சொன்னார்.